தடித்த, ஒடுங்கிய, சாய்ந்த தலைப்பெழுத்து: ஆங்கிலத்துக்குக் கிடைக்கிறது, தமிழுக்கு என்ன வழி?

#1 · மைதானம்

ஒரு கபடிக் குழுவுக்கு அடையாள வடிவமைப்பு. பெயர் 'மின்னல்'. சின்னம், பனியன் முதுகு, 10×4 அடி ஃபிளெக்ஸ், இணையதளத் தலைப்பு நான்கிலும் ஒரே எழுத்து வேண்டும். ஆங்கிலப் பெயரை ஆறு பேரெழுத்தில் பார்லோ கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ரா போல்டு இட்டாலிக்கில் வைத்தாயிற்று, அதில் சிக்கல் இல்லை.

தமிழ்தான் தகராறு. அனேக் தமிழ் என்ற எழுத்துருவைக் குறுகிய அகலத்தில், 800 தடிமனில் எடுத்து இல்லஸ்ட்ரேட்டரில் 12 டிகிரி சாய்த்தால், ன-வின் சுழி அடைபடுகிறது, மேல்விலங்கு (மி-யின் இகரக் குறி) முன்னால் விழுவதுபோல் இருக்கிறது, ல்-இன் புள்ளி முட்டை வடிவமாகிறது. மூன்று கேள்விகள்:

1. உண்மையிலேயே சாய்வாக வரைந்த, தடித்த, ஒடுங்கிய தமிழ் எழுத்துரு ஏதாவது உண்டா?
2. இல்லையென்றால் எத்தனை டிகிரி சாய்க்கலாம்?
3. சாய்த்தபின் எதையெல்லாம் கையால் திருத்த வேண்டும்?

#2 · மூன்றுசுழி

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். நீங்கள் கேட்கும் மூன்று குணமும் சேர்ந்த, செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு கட்டை) இல்லாத இலவசத் தமிழ் எழுத்துரு எனக்குத் தெரிந்து இல்லை. நோட்டோ செரிஃப் தமிழுக்குச் சாய்வு உண்டு, ஆனால் அது செரிஃப், தலைப்புக்கான முரட்டுத்தனம் அதில் வராது. கவிவாணர் சாய்ந்தே இருக்கும், ஆனால் அது கையெழுத்து வடிவம், ஒரே தடிமன். அனேக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டிலும் அகல அச்சு (அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) உண்டு, சாய்வு அச்சு கிடையாது. ஆகவே நேர் எழுத்தை எடுத்துச் சாய்த்துத் திருத்துவதுதான் வழி.

மூன்றாவது கேள்விதான் சரக்கு. சாய்த்தால் ஏன் கெடுகிறது என்று தெரிந்தால் எங்கே திருத்துவது என்று கேட்கவே வேண்டாம்.

மென்பொருள் செய்வது ஒரே ஒரு கணக்கு: ஒவ்வொரு புள்ளியையும் அதன் உயரம் × டேன் கோணம் அளவுக்கு வலப்பக்கம் தள்ளுகிறது. உயரம் மாறாது, கிடைக்கோட்டின் தடிமனும் மாறாது. மற்ற எல்லாம் மாறும்.

நேர்த் தண்டு கோசைன் அளவுக்கு மெலியும். 12 டிகிரியில் 0.978. 160 அலகுத் தண்டு 156.5 ஆகும் (அலகு என்பது எழுத்துரு வரையும் கட்டத்தின் அளவு). இது பொருட்டல்ல, விட்டுவிடலாம்.

வட்டம்தான் வில்லன். 150 அலகு தடிமனுள்ள ஒரு வட்டச் சுழியை 12 டிகிரி சாய்த்தால் வலமேல், இடக்கீழ்த் தோள்களில் தடிமன் 167 ஆகிவிடும். இடமேல், வலக்கீழ்த் தோள்களில் 135 ஆகக் குறையும். ஒரே சுழிக்குள் 32 அலகு வித்தியாசம். கண்ணுக்கு அது 'சுழி சாய்ந்திருக்கிறது' என்று படாது, 'சுழி நசுங்கியிருக்கிறது' என்று படும். 10 டிகிரியில் 164/137. 6 டிகிரியில் 158/142, இதைத் திருத்தாமலே விட்டாலும் பலர் கவனிக்க மாட்டார்கள்.

ஆங்கிலத்தின் ஒடுங்கிய பேரெழுத்துகளில் வட்டமே அருகிப்போயிருக்கும். ஓ எழுத்துகூட இரண்டு தண்டும் மேலும் கீழும் ஒரு வளைவும்தான். அதனால்தான் அது சாய்வைத் தாங்குகிறது. தமிழில் ன, ண, ல, வ, ஞ, எ, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று திரும்பிய பக்கமெல்லாம் சுழி. எவ்வளவு ஒடுக்கினாலும் சுழி சுழியாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தே மாறிவிடும்.

#3 · கோரல்பட்டறை

இவ்வளவு கணக்கு தேவையா சகோ? கோரலில் நல்ல தடித்த தமிழ் ஃபான்ட் ஒன்றை எடு, அகலத்தை 70 சதவீதம் ஆக்கு, மேல்நடுப் பிடியைப் பிடித்துச் சாய், கன்ட்ரோல்+கியூ போட்டு கர்வ் ஆக்கு, பிரின்டுக்கு அனுப்பு. ஊரில் இருக்கிற பாதி ஃபிளெக்ஸ் இப்படித்தான் வருகிறது.

#4 · மூன்றுசுழி

> அகலத்தை 70 சதவீதம் ஆக்கு

வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் 70 சதவீதத்தில் என்ன ஆகிறது பாருங்கள். 160 அலகு நேர்த்தண்டு 112 ஆகிறது. கிடைக்கோடு 130 இருந்தால் 130-ஆகவே நிற்கிறது. நேர்க்கோட்டைவிடக் கிடைக்கோடு தடிப்பாக இருக்கும் எழுத்து. ப, ட, ம மாதிரி அடியில் நீளமான கிடைக்கோடு உள்ள எழுத்துகள் பாதம் வீங்கியதுபோல் தெரியும். அதன்மேல் சாய்வும் போட்டால் இரண்டு கோளாறும் ஒன்றோடொன்று பெருகும்.

ஒரு நாள் பதாகைக்கு ஓடும். சின்னம் என்பது பத்து வருடம் நிற்க வேண்டியது, பனியனிலும் நாணய அளவிலும் தெரிய வேண்டியது. ஒடுக்கத்தை எழுத்துருவின் அகல அச்சில் எடுங்கள், இழுத்து எடுக்காதீர்கள். அனேக் தமிழில் அகலம் 75 முதல் 125 வரை, தடிமன் 100 முதல் 800 வரை. நோட்டோ சான்ஸ் தமிழில் அகலம் 62.5 முதல் 100 வரை, தடிமன் 100 முதல் 900 வரை. இந்த எல்லைக்குள் வரைந்தவரே தண்டைச் சரிசெய்து வைத்திருக்கிறார்.

75-க்குப் பிறகும் இடம் போதாவிட்டால் 95 சதவீதம் வரை இழுப்பதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே வேண்டாம்.

#5 · கோரல்பட்டறை

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: எங்கள் பக்கம் இன்னும் பழைய கோரல்தான். ஒருங்குறித் தமிழ் போட்டால் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. அதனால்தான் பாமினி மாதிரிப் பழைய குறியாக்க ஃபான்டுகளைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். அவற்றில் ஏது அகல அச்சு?

#6 · இணையத்தச்சன்

இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்யுங்கள், அது ஒருங்குறித் தமிழைச் சரியாகக் கோக்கும், அகலத் தடிமன் அச்சுகளையும் தரும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி போட்டுப் பாதையாக (வெறும் வெளிக்கோட்டு வடிவமாக) மாற்றி, எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆக்கிக் கோரலுக்குள் கொண்டுவாருங்கள். தலைப்பு என்பது நாலைந்து சொல்தானே, பிறகு எழுத்துப்பிழை திருத்தும் வேலை வராது. மறக்காமல் முதலிலேயே பிழை பாருங்கள்.

இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்போருக்கும் இதே தொல்லை உண்டு. பத்தி அமைப்பில் எழுத்துகளைக் கோக்கும் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'வே' பிரிந்து, கொம்பு இடம் மாறி நிற்கும். இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்று இருக்கும்.

#7 · கம்பாக்டா

ஆங்கிலப் பக்கத்தையும் கொஞ்சம் பேசிவிடலாம். இந்த வகை எழுத்துக்கு நீண்ட வம்சம் உண்டு. 1903-இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காக மாரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ஆல்டர்னேட் காதிக், 1957-இல் அட்ரியன் ஃப்ருடிகரின் யூனிவர்ஸ், 1963-இல் லெட்ராசெட்டுக்காக ஃப்ரெட் லாம்பர்ட் வரைந்த கம்பாக்டா, 1965-இல் ஜெஃப்ரி லீயின் இம்பாக்ட். இவற்றில் யூனிவர்ஸ்தான் சாய்வைக் குடும்பத்துக்குள் முறையாகச் சேர்த்தது. அதில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு: முதல் இலக்கம் தடிமன், இரண்டாவது அகலமும் நிலையும். 67 என்றால் தடித்த ஒடுங்கல், 68 அதன் சாய்வு.

இம்பாக்ட் விண்டோஸோடு வருகிறது, ஆனால் அதோடு சாய்வு வருவதில்லை. வேர்டில் இட்டாலிக் பொத்தானை அழுத்தினால் கிடைப்பது கணினி தள்ளிவிட்ட போலிச் சாய்வு. ஆன்டன், ஆஸ்வால்டு, பெபாஸ் நோய் மூன்றுக்கும் இதே கதை: கூகுள் ஃபான்ட்ஸில் சாய்வுக் கோப்பே இல்லை. இந்த மூன்றையும் சாய்த்த போஸ்டர்கள் ஊரெல்லாம் இருக்கின்றன, கூர்ந்து பார்த்தால் எஸ் எழுத்தின் முதுகு காட்டிக்கொடுத்துவிடும்.

வரைந்த சாய்வு உள்ள இலவச ஒடுங்கல்கள்: பார்லோ கண்டென்ஸ்டு (9 தடிமன், ஒவ்வொன்றுக்கும் சாய்வு), ஃபிரா சான்ஸ் எக்ஸ்ட்ரா கண்டென்ஸ்டு, சோஃபியா சான்ஸ் எக்ஸ்ட்ரா கண்டென்ஸ்டு, ஆர்கிவோ, சைரா, ரோபோட்டோ கண்டென்ஸ்டு. ஐபிஎம் பிளெக்ஸ் சான்ஸ் கண்டென்ஸ்டிலும் சாய்வு உண்டு, ஆனால் 700-க்கு மேல் தடிமன் போகாது.

இந்தக் குழுவின் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கில 'என்' எழுத்து இரண்டு முறை, பக்கத்தில் பக்கத்தில். அதன் நடுக்கோடு இடமேலிருந்து வலக்கீழ் இறங்குவது. வலப்பக்கம் சாய்த்தால் அப்படி இறங்கும் கோடு நிமிர்ந்து தடிக்கும், எதிர்ப்பக்கம் ஏறும் கோடு படுத்து மெலியும். கணக்கு வேண்டுமா: இரண்டு பக்கமும் 12 டிகிரி விரிந்த 'வி' ஒன்றை 10 டிகிரி சாய்த்தால் இடக்கோடு 156-இலிருந்து 160 ஆகும், வலக்கோடு 149 ஆகும். இரண்டுக்கும் 11 அலகு இடைவெளி. ஒடுங்கிய 'என்' எழுத்தில் நடுக்கோடு தடித்தால் உள்ளே இருக்கும் இரண்டு முக்கோணமும் அடைபட்டுக் கரும்பட்டையாகும். பார்லோவில் இதை வரைந்தவர் கவனித்திருப்பார். நீங்கள் வேறு நேர் எழுத்துருவைச் சாய்த்தால் முதலில் பார்க்க வேண்டிய எழுத்து அதுதான்.

#8 · மைதானம்

நன்றி. அப்படியானால் கோணம்? பார்லோவின் சாய்வு எத்தனை டிகிரியோ அதே கோணத்தில் தமிழையும் சாய்த்தால் போதுமா?

#9 · மூன்றுசுழி

இங்கே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒடுங்கிய எழுத்துக்குக் குறைந்த கோணம் போதும், தமிழுக்கு இன்னும் குறைவு.

ஏன் என்றால்: பேரெழுத்து உயரம் 700 அலகு, 12 டிகிரி என்றால் எழுத்தின் தலை 149 அலகு நகரும். 560 அகலமுள்ள சாதாரண எழுத்தில் அது கால்வாசி. 340 அகலமுள்ள ஒடுங்கலில் கிட்டத்தட்டப் பாதி. கோணம் ஒன்றுதான், ஆனால் ஒடுங்கியது விழப்போவதுபோல் தெரியும். 8 முதல் 10 டிகிரியே விறுவிறுப்பைத் தந்துவிடும்.

தமிழுக்கு 6 முதல் 8. சுழிக் கணக்கு மேலே சொன்னதுதான்.

#10 · கொம்புசுழி

மன்னிக்கணும், இதில் நான் மாறுபடுகிறேன். ஒரே வரியில் ஆங்கிலமும் தமிழும் அடுத்தடுத்து வந்தால் 10-ம் 7-ம் ஒத்துவராது. ம, ய, ப, ட, கால் எல்லாவற்றிலும் உயரமான நேர்த்தண்டு இருக்கிறது. 'மின்னல்' முதல் எழுத்தே ம. அதன் தண்டு பக்கத்திலிருக்கும் ஆங்கிலத் தண்டோடு இணையாக நிற்காவிட்டால் வரி தள்ளாடும். மூன்று டிகிரி வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

நான் செய்யச் சொல்வது: தண்டுகளை ஆங்கிலக் கோணத்துக்கே சாயுங்கள், சுழிகளை மட்டும் குறைவாகச் சாயுங்கள். அதாவது ன-வைப் பாதையாக்கி 10 டிகிரி சாய்த்தபின், சுழிப் பகுதியின் நோடுகளை (பாதையின் பிடிப்புள்ளிகளை) மட்டும் தேர்ந்தெடுத்து எதிர்த்திசையில் 3, 4 டிகிரி திருப்பிச் சாயுங்கள். தண்டு நேர்மை மாறாது, சுழி வட்டத்தன்மையை மீட்கும். சேருமிடத்தில் ஒரு சின்ன முட்டு வரும், கைப்பிடியை இழுத்து வழவழப்பாக்கினால் போகும்.

#11 · மூன்றுசுழி

@கொம்புசுழி ஒரே வரி என்றால் உங்கள் முறைதான் சரி, என் 6–8 தனி வரிக்கு. தமிழ் மேலே பெரிதாக, ஆங்கிலம் கீழே சிறிதாக என்று அடுக்கினால் இரண்டு டிகிரி குறைவு யார் கண்ணிலும் படாது. மைதானம் எப்படி அடுக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது.

எப்படியானாலும் ஆங்கிலத்தின் கோணத்தை ஊகிக்க வேண்டாம். ஆங்கிலப் பேரெழுத்து 'ஐ'யைப் பாதையாக்கி, ஒரு பக்கக் கோட்டின் மேல்முனையும் கீழ்முனையும் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்து, அதை உயரத்தால் வகுத்தால் டேன் மதிப்பு. 0.105 என்றால் 6 டிகிரி, 0.141 என்றால் 8, 0.176 என்றால் 10, 0.213 என்றால் 12. எழுத்துருத் தொகுப்பான் இருந்தால் இட்டாலிக் ஆங்கிள் என்ற புலத்திலேயே எழுதியிருக்கும். வலச்சாய்வுக்கு அங்கே கழித்தல் குறியோடு இருக்கும், பயப்பட வேண்டாம்.

#12 · எழுத்துளி

கேள்வி 3-க்கு வேலை வரிசையாக யாரும் சொல்லவில்லை. 'மின்னல்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

தடிமனை 800-இல் வைக்க வேண்டாம், 700-இல் தொடங்குங்கள். சாய்த்தபின் வலமேல் தோள் தானே தடிக்கும், 800-இல் ன-வின் உள்வெளிக்கு (சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கு) இடமே மிஞ்சாது. சோதனை எளிது: 'அன்னம்', 'அண்ணன்' இரண்டையும் அதே அமைப்பில் அடித்து, திரையில் 14 பிக்சல் உயரத்துக்குச் சுருக்குங்கள். இரண்டு சுழி ன-வும் மூன்று சுழி ண-வும் பிரிந்து தெரிந்தால் தடிமன் சரி. தெரியாவிட்டால் 50 குறையுங்கள்.

பாதையாக்குங்கள் (இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ). உடனே யுனைட் (படிந்த வடிவங்களை ஒன்றாக்கும் கட்டளை) போடுங்கள். அனேக் மாதிரி அச்சுகள் கொண்ட மாறும் எழுத்துருக்களில் ஒரே எழுத்து இரண்டு மூன்று வடிவம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இருக்கும், நிரப்பிய நிறத்தில் தெரியாது. இதை விட்டுவிட்டுச் சாய்த்துத் திருத்தத் தொடங்கினால் ஒன்றை இழுத்தால் இன்னொன்று அப்படியே நிற்கும்.

சாயுங்கள். மூலப்புள்ளியை அடிக்கோட்டில் வைக்காமல் எழுத்து உயரத்தின் பாதியில் வையுங்கள். அடிக்கோட்டில் வைத்தால் எல்லா எழுத்தும் தன் இடப்பெட்டியிலிருந்து வலப்பக்கம் ஒழுகி, வரியின் முதல் எழுத்துக்குமுன் வெற்றிடமும் கடைசி எழுத்துக்குப்பின் இடிபாடும் வரும்.

இப்போது ன. வெளிக்கோட்டின் வலமேல் தோளை 7 அலகு உள்ளே இழுங்கள், உள்வெளியின் வலமேல் தோளை 7 அலகு வெளியே தள்ளுங்கள். இடமேல் தோளில் இதற்கு நேர்மாறு. மேலே மூன்றுசுழி சொன்ன 164/137 இப்போது இரண்டும் 150-ஐ ஒட்டி வந்திருக்கும். இடக்கீழுக்கும் வலக்கீழுக்கும் அதேபோல். ல-வின் இடச்சுழிக்கும் இதுவே.

மி-யின் மேல்விலங்கு: சாய்வில் அதன் வளைவு நீண்டு அடுத்த எழுத்தின் தலைக்கு மேல் போய் நிற்கும். விலங்கின் வலமுனையை 15 முதல் 20 அலகு குறைக்கலாம், மேல்வளைவைச் சற்றுத் தட்டையாக்கலாம். இங்கே அடுத்தது ன், தலையில் புள்ளி உள்ள எழுத்து. விலங்கும் புள்ளியும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். முட்டினால் புள்ளியை நகர்த்தாதீர்கள், விலங்கைக் குறையுங்கள். புள்ளி நகர்ந்தால் ன-வின் புள்ளியா ம-வின் புள்ளியா என்ற குழப்பம் வரும்.

புள்ளியைச் சாய்க்கவே வேண்டாம். பழையதை நீக்கிவிட்டு முழுவட்டம் ஒன்றை வரைந்து, எழுத்தின் நடுவிலிருந்து சாய்வுக் கோணத்தில் கோடு போட்டு அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். விட்டம் தண்டின் தடிமனைவிட ஒரு 5 சதவீதம் அதிகம். அதே அளவு வட்டம் அதே அளவு பட்டையைவிடச் சிறிதாகத்தான் தெரியும். உள்ளீடற்ற வளையப் புள்ளி இந்தத் தடிமனில் எடுபடாது, நிரப்பியதே போடுங்கள்.

கடைசியாக நோடுகள். சாய்த்தபின் பழைய உச்சப் புள்ளிகள் உச்சத்தில் இருக்காது. வளைவின் உண்மையான மேல், கீழ், இட, வல உச்சங்களில் புது நோடு சேர்த்து, பழையதை நீக்குங்கள். திரைக்கு இது பெரிதில்லை, வெட்டும் எந்திரத்துக்குப் பெரிது.

#13 · கால்துணை

எழுத்துளி சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. அடிக்கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் இடப்பக்கம் நகரும். 'மின்னல்' சொல்லில் அப்படி எதுவும் இல்லை, அதிர்ஷ்டம். ஆனால் பதாகையில் 'தமிழ்நாடு', 'வீரர்', 'முதற்சுற்று' எல்லாம் வரத்தானே போகிறது. ழ, ற, ர, து, சு, பு இவற்றின் வால் இடப்பக்கம் போய் முந்தைய எழுத்தின் காலடியில் நுழையும். 'ர்சு', 'ற்று' போன்ற சேர்க்கைகளில் இரண்டு வால் அடுத்தடுத்து வரும்போது பார்க்க வேண்டும். ர-வின் கீழ்க்கோட்டைக் குட்டையாக்கிச் சமாளிக்க நினைக்காதீர்கள், அது குறைந்தால் ர-வுக்கும் காலுக்கும் வித்தியாசம் போய்விடும். எழுத்திடைவெளியைக் கூட்டுங்கள்.

வரியிடைவெளியும் அப்படித்தான். ஆங்கிலப் பேரெழுத்துத் தலைப்பை எழுத்தளவில் 90 சதவீத இடைவெளியில் இறுக்கலாம். தமிழில் மேலே விலங்கும் புள்ளியும், கீழே வாலும். 115-க்குக் கீழே போனால் மேல்வரி வாலும் கீழ்வரி புள்ளியும் கை குலுக்கும்.

#14 · கோரல்பட்டறை

சாய்த்தபின் கெர்னிங் (எழுத்து ஜோடிகளுக்கு இடையிலான இடைவெளித் திருத்தம்) எல்லாம் திரும்பப் போட வேண்டுமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

#15 · எழுத்துளி

வேண்டாம். ஒரே உயரத்தில் உள்ள இரண்டு புள்ளிக்கு இடையிலான கிடைத்தூரம் சாய்வில் மாறாது. இரண்டு எழுத்தும் ஒன்றாகத்தான் நகர்கின்றன. நேர் எழுத்தில் சரியாக இருந்த ஜோடி சாய்விலும் சரியாகவே இருக்கும். கையால் திருத்திய எழுத்துகளின் ஜோடிகளை மட்டும் பாருங்கள். சாய்ந்த எழுத்துக்குப் பக்கத்தில் நேராக நிற்கும் ஏதாவது, அதாவது அடைப்புக்குறி, நேர் எண், சின்னத்தின் செங்குத்து விளிம்பு, வந்தால் அங்கேதான் மேலே இடிக்கும், கீழே ஓட்டை விழும்.

#16 · வினைல்வெட்டி

பனியன் பக்கம் நான் சொல்கிறேன்.

யுனைட் போடாத கோப்பு வந்தால் வினைல் வெட்டும் பிளாட்டர் ஒவ்வொரு படிவத்தின் விளிம்பையும் வெட்டும். ம-வின் தண்டும் அடிக்கோடும் தனித்தனித் துண்டாக வந்து விழும். யுனைட்டுக்குக் கோரலில் வெல்டு என்று பெயர். வெட்டுமுன் வெளிக்கோடு மட்டும் காட்டும் வயர்ஃபிரேம் பார்வையில் பாருங்கள், எழுத்துக்குள்ளே குறுக்குக்கோடு தெரிந்தால் அனுப்பாதீர்கள்.

2 மி.மீ.-க்குக் குறுகலான எதுவும் பனியன் வினைலில் நிற்காது. களைந்தெடுக்கும்போது பிய்யும், பிழைத்தால் துவைக்கும்போது ஓரம் தூக்கும். நெஞ்சுப் பக்கம் 25 மி.மீ. உயரத்தில் பெயர் வருகிறதென்றால் சுழியின் உள்வெளியையும் அளந்து பாருங்கள். உள்வெளி 1.5 மி.மீ.-க்குக் கீழே போனால் அந்தப் பொட்டு வினைலை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும், 14 பனியன் × எத்தனை சுழி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சிறிய அளவுக்கென்று 600 தடிமனில் தனிப்பதிப்பு ஒன்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொன்று. வெப்ப வினைலைக் கண்ணாடிப் பிம்பமாகத்தான் வெட்டுவோம். திரையில் எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பதறி, சாய்வைத் 'திருத்தி' அனுப்புகிறவர்கள் உண்டு. தொட வேண்டாம். கோப்பை நேராகக் கொடுங்கள், திருப்புவது வெட்டுகிறவர் வேலை.

#17 · இணையத்தச்சன்

இணையதளத் தலைப்பில் வேறொரு வேடிக்கை நடக்கும். தலைப்புக்குச் சாய்வு என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியில்) சொல்லி, முதலில் பார்லோ, அடுத்து அனேக் தமிழ் என்று வரிசை கொடுத்திருப்பீர்கள். ஆங்கிலத்துக்கு வரைந்த சாய்வு கிடைக்கும். தமிழ் எழுத்துகள் அனேக்கில் போய் விழும், அங்கே சாய்வுக் கோப்பு இல்லை, உலாவி தானே தள்ளிச் சாய்க்கும். சிஎஸ்எஸ் விதிப்படி கோணம் சொல்லாத சாய்வு 14 டிகிரி. திருத்தம் ஏதுமில்லாத 14. மேலே இவ்வளவு பாடுபட்டது வீண்.

இரண்டு வழி. ஒன்று, ஃபான்ட் சிந்தசிஸ் என்ற பண்புக்கு 'நன்' என்று மதிப்புக் கொடுத்தால் போலிச் சாய்வும் போலித் தடிமனும் நின்றுவிடும். தமிழ் நேராகவும் ஆங்கிலம் சாய்வாகவும் தெரியும், சில தளங்களுக்கு அதுவே அழகு. இரண்டு, திருத்திய சாய்வுத் தமிழை ஒரு சின்ன எழுத்துருவாகச் செய்து, ஃபான்ட் ஃபேஸ் அறிவிப்பில் அதன் பாணி 'இட்டாலிக்' என்று குறித்து, தமிழ் ஒருங்குறி எல்லைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். இட்டாலிக் என்று அறிவித்த கோப்பை உலாவி மறுபடி சாய்க்காது. நாலு சொல்தான் என்றால் எழுத்துருவே வேண்டாம், எஸ்விஜி போதும், மாற்றுரையை மட்டும் மறக்காதீர்கள்.

#18 · எழுத்துளி

> ஒரு சின்ன எழுத்துருவாகச் செய்து

செய்வதானால் எழுத்துருக் கோப்பின் உள் அட்டவணைகளில் நாலு இடத்தில் உண்மை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மென்பொருள் இதை நேர் எழுத்து என்று நினைத்து மறுபடி சாய்க்கும். போஸ்ட் அட்டவணையில் இட்டாலிக் கோணம் (8 டிகிரி என்றால் கழித்தல் 8). ஓஎஸ்/2 அட்டவணையில் எடை வகுப்பு 700, அகல வகுப்பு 3, அதாவது 75 சதவீத ஒடுங்கல். அதே அட்டவணையில் தேர்வுக் கொடிகளில் பிட் 0 இட்டாலிக், பிட் 5 போல்டு இரண்டும் 1, பிட் 6 கட்டாயம் 0. ஹெட் அட்டவணையின் மேக் ஸ்டைலில் பிட் 0, பிட் 1 இரண்டும் 1. தேர்வுக் கொடியும் மேக் ஸ்டைலும் முரண்பட்டால் ஒரு கணினியில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் தெரியும், காரணம் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும்.

சாய்க்கும்போது நங்கூரப் புள்ளிகளும் (மெய்ப்புள்ளி எழுத்தோடு ஒட்டும் இடங்கள்) கூடவே சாய்ந்தனவா பாருங்கள். வெளிக்கோடு மட்டும் நகர்ந்து நங்கூரம் பழைய இடத்தில் நின்றால் எல்லா மெய்யெழுத்துக்கும் புள்ளி இடப்பக்கம் நழுவும்.

கிளிஃப்ஸ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருள் வைத்திருந்தால் சாய்க்கும் கட்டளையோடு கர்சிவி என்ற தெரிவு உண்டு. தண்டு அளவுகளைச் சரியாகக் கொடுத்திருந்தால் வளைவுத் தடிமனைப் பெருமளவு அதுவே ஈடுகட்டும். தண்டு அளவு கொடுக்காமல் அழுத்திவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று சொல்லக் கூடாது. ஃபான்ட்ஃபோர்ஜில் எலமென்ட் மெனுவின் ஸ்டைல் பகுதியில் சாய்வு இருக்கிறது, ஆனால் திருத்தம் முழுக்கக் கையால்தான்.

அனேக், நோட்டோ இரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பவை, மாற்றலாம். மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட முடியும், தனியாக விலைக்கு விற்க முடியாது. உரிமக் கோப்பில் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் அந்தப் பெயரில் வெளியிடவும் கூடாது. சின்னத்தில் பயன்படுத்த எந்தத் தடையும் இல்லை.

#19 · மைதானம்

அடுக்கு முடிவாகிவிட்டது: தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. அளந்தபின் ஆங்கிலச் சாய்வையே விதியாக வைத்து, கொம்புசுழி சொன்னபடி தண்டு அதே கோணம், சுழி 3 டிகிரி குறைவு. தடிமன் 700. 'அண்ணன்' சோதனையில் பிழைத்தது.

இரண்டு வரியையும் இடப்பக்கம் ஒட்டவைத்தால் கீழ்வரி உள்ளே போனதுபோல் தெரிகிறதே, ஏன்? பனியன் எண்களுக்கும் பார்லோவையே போடலாமா?

#20 · கால்துணை

சாய்ந்த வரிகளுக்குச் செங்குத்து விளிம்பு கிடையாது. கீழ்வரியை இடப்பக்கம் தள்ள வேண்டும்: இரண்டு அடிக்கோட்டுக்கும் இடையிலுள்ள தூரம் × டேன் கோணம். 10 டிகிரி, இடைவெளி 100 மி.மீ. என்றால் 17.6 மி.மீ. அப்போது ம-வின் இடத்தண்டை நீட்டினால் ஆங்கில முதலெழுத்தின் தண்டோடு ஒரே கோட்டில் விழும்.

#21 · வினைல்வெட்டி

எண்களுக்கு வரைந்த சாய்வு இருக்கும்போது தாராளமாகப் போடலாம். நேர் எண்ணைச் சாய்ப்பதானால்தான் 4, 7 இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் கோடு இடக்கீழிலிருந்து வலமேல் ஏறுவது, சாய்த்தால் இன்னும் படுத்து மெலியும். 15 டிகிரி சாய்வான 7-இன் கால் 10 டிகிரி கூடினால் 24 டிகிரியாகி 5 சதவீதம் மெலியும், அடியும் இடப்பக்கம் ஓடிவிடும். காலின் அடியை வலப்பக்கம் இழுத்து நிமிர்த்துங்கள். 6-ஐத் தலைகீழாகச் சுழற்றி 9 ஆக்கலாம், 180 டிகிரி சுழற்சியில் சாய்வு மாறாது. 20 செ.மீ. உயர எண் 10 டிகிரியில் 3.5 செ.மீ. ஓடும், அதனால் 17, 74 மாதிரி இரட்டை இலக்கத்தை மென்பொருளின் 'நடுவில் வை' பொத்தானை நம்பி முதுகில் ஒட்டாதீர்கள். காகிதத்தில் முழு அளவில் அச்செடுத்து, பனியனில் ஊசி குத்தி, நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். 14 எண்ணையும் இல்லாவிட்டாலும் 7 வருகிற எல்லாவற்றையும்.